தவாங் போக ஆசையா? பெர்மிட், வண்டி, உயரம், செலவு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு மூலையில், ஒரு பக்கம் பூட்டான், இன்னொரு பக்கம் திபெத் என்று ஒடுங்கிக்கொண்டு கிடக்கிறது தவாங். சுமார் 10,000 அடி உயரம். நம் தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். மோன்பா மக்களின் ஊர், பிரார்த்தனைக் கொடிகள், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர், மலைமேல் கோட்டை மாதிரி நிற்கிற பெரிய புத்த மடாலயம் என்று நம் ஊரோடு ஒட்டாத எல்லாமே அங்கே உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. "பெர்மிட் வேண்டுமாமே, எல்லையாமே, மூச்சு முட்டுமாமே" என்று கேள்விப்பட்டதும் மணாலிக்கு டிக்கெட் போட்டுவிடுகிறவர்களும் நிறைய.

உண்மையைச் சொன்னால் பெர்மிட் பெரிய விஷயமே இல்லை. நாள் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். எந்தக் கிழமை எங்கே இருக்கிறோம் என்று சரியாகப் போடாவிட்டால், அவ்வளவு தூரம் போயும் பார்க்க நினைத்ததைப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

தவாங் போகிற எல்லோரும் பார்க்க நினைப்பது பும் லா. சீன எல்லையில் 15,200 அடியில் இருக்கிற கணவாய். அதற்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி தவாங்கில்தான் கிடைக்கும், அதுவும் அலுவலக நாளில். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் இடையில் வந்தால் காரியம் நடக்காது. சனிக்கிழமை சாயங்காலம் தவாங் போய்ச் சேர்ந்து, திங்கட்கிழமை காலையில் கிளம்ப வேண்டியவராக நீங்கள் இருந்தால் பும் லாவை மறந்துவிடலாம்.

எனவே பும் லா நாளை வாரத்தின் நடுவில் வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து நாள் மட்டும் லீவு போட்டு முடிக்கிற கணக்கு இது:

சனி: சென்னையிலிருந்து கவுகாத்தி. இரவு அங்கேயே.
ஞாயிறு: விடியற்காலை கிளம்பி திராங். இரவு அங்கே.
திங்கள்: சேலா கணவாய் வழியாக தவாங்.
செவ்வாய்: ஊர், மடாலயம், பும் லா அனுமதி வேலை.
புதன்: பும் லா.
வியாழன்: திரும்பி திராங் அல்லது பொம்டிலா.
வெள்ளி: கவுகாத்தி.
சனி: கையிருப்பு நாள்.
ஞாயிறு: வீடு.

கையிருப்பு நாளை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டாதீர்கள். மலைச்சாலையில் மண் சரிந்தால், பனி விழுந்தால், சாலை வேலைக்காகச் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்தி வைத்தால் அந்த ஒரு நாள்தான் விமானத்தைப் பிடிக்க வைக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருவது பயணமே இல்லை.

2. எந்த மாதம்?

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். இதுதான் வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை வெளுத்து வாங்கும், சாலை எப்போது திறந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி கிடைக்கும், கூடவே குழாயில் உறைந்த தண்ணீரும் கிடைக்கும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அந்தக் குளிரைத் தவிர்ப்பது நல்லது. என்னைக் கேட்டால் நவம்பர் முதல் பாதி. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும்.

3. ஐ.எல்.பி. எடுப்பது

அருணாசலத்துக்கு வெளியே இருக்கிற இந்தியர் யார் போனாலும் இன்னர் லைன் பெர்மிட், சுருக்கமாக ஐ.எல்.பி., வேண்டும். மாநில அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். டெல்லி, கொல்கத்தா, கவுகாத்தியில் உள்ள அருணாசல அரசு அலுவலகங்களிலும் நேரில் வாங்கலாம், ஆனால் அதற்காக ஒரு வேலைநாளைப் பலி கொடுக்க வேண்டும். இணையமே போதும். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள்தான். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கிற சில தளங்கள் ஏஜெண்டுகளுடையவை, அரசுத் தளம் மாதிரியே நிறம் பூசி வைத்திருப்பார்கள். முகவரி அரசுத் தளங்களுக்கு உரிய "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

தேவையானவை: பாஸ்போர்ட் அளவுப் படம், முகவரியோடு கூடிய ஓர் அடையாள அட்டை, ஒரு கைபேசி எண், போகிற தேதிகள், போகிற மாவட்டங்கள், உள்ளே நுழைகிற சோதனைச் சாவடி. படத்தையும் அட்டையையும் முன்னதாகவே சின்ன அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றினால் தளம் முரண்டு பிடிக்கும்.

இனி நம் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கல். இனிஷியல். ஆதாரில் "எஸ். முருகன்" என்று இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், விமான டிக்கெட்டில் முருகன் முருகன் என்று இரண்டு தடவை அடித்திருப்போம். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுவதா, இனிஷியலை மட்டும் போடுவதா என்று குழம்ப வேண்டாம். எந்த அட்டையை சாவடியில் காட்டப் போகிறீர்களோ, அந்த அட்டையில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். சாவடியில் நிற்கிற போலீஸ்காரர் பெர்மிட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். இனிஷியல் என்றால் என்ன என்று அவருக்கு இந்தியில் விளக்குவது லேசான காரியம் இல்லை.

இன்னும் கவனிக்க வேண்டியவை:

தேதியைப் போடும்போது முன்னால் ஒரு நாளும் பின்னால் இரண்டு நாளும் சேர்த்துப் போடுங்கள். சாலை அடைபட்டு மாட்டிக்கொண்டால், தேதி முடிந்த பெர்மிட்டோடு நிற்க வேண்டாம்.

மாவட்டத்தில் தவாங்கை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். பொம்டிலாவும் திராங்கும் மேற்கு காமெங் மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துப் போடுங்கள்.

சாவடி விஷயத்தில் முதலில் டிரைவரிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். அசாமில் உள்ள தேஜ்பூர் பக்கமாகப் போனால் பாலுக்போங் சாவடி. கவுகாத்தியிலிருந்து ஒராங், கலாக்தாங் வழியாகக் குறுக்கே போனால் வேறு சாவடி. அந்தக் குறுக்குப் பாதையைத்தான் இப்போது பல டிரைவர்கள் விரும்புகிறார்கள்.

பணம் கழிந்தும் பெர்மிட் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே இரண்டாவது தடவை கட்டாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் நிலவரத்தைப் பாருங்கள். இதற்காகவே கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாக விண்ணப்பிப்பது நல்லது.

வந்த பெர்மிட்டைத் தாளில் அச்செடுங்கள். ஆளுக்கு நான்கைந்து பிரதி, கூடவே அடையாள அட்டை நகலும் அதே எண்ணிக்கையில். ஒன்று சாவடிக்கு, ஒன்று பும் லாவுக்கு, ஒன்றிரண்டு தங்குமிடங்களுக்கு. தவாங்கில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மின்சாரம் இருக்குமா என்பது தனிக் கதை.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற தமிழர்களுக்கு இந்த வழி செல்லாது. ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டவர் கணக்குத்தான். உங்களுக்குத் தேவை பி.ஏ.பி. என்கிற வேறு அனுமதி, பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனம் வழியாக எடுக்க வேண்டும். பும் லாவுக்கு வெளிநாட்டவரை விடுவதில்லை. குடும்பத்தில் ஒருவர் இந்திய பாஸ்போர்ட், இன்னொருவர் சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் இதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

4. கவுகாத்தி வரை

விமானம் என்றால் சென்னையிலிருந்து நேராகப் போனால் மூன்று மணி நேரத்தை ஒட்டி. கொல்கத்தாவில் மாறினால் அரை நாள் போகும். முன்கூட்டி எடுத்தால் போக வர ஆளுக்கு 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். பூஜா விடுமுறையிலும் பிஹு சமயத்திலும் விலை எகிறிவிடும்.

ரயில் பிரியர்களுக்கு கன்னியாகுமரியிலிருந்து திப்ருகார் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கோவை, ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக கவுகாத்தியைத் தொட்டுக்கொண்டு போகும். தாம்பரத்திலிருந்து சில்காட் போகிற வண்டியும் உண்டு. இரண்டிலுமே போவதற்கு இரண்டு மூன்று நாள், வருவதற்கு அதே அளவு என்று எடுத்து வைக்க வேண்டும். முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும். போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும்.

5. வண்டி பேசுவது

தனியாகவோ இருவராகவோ போனால் ஷேர் சுமோ. தேஜ்பூரிலிருந்து விடியற்காலை ஐந்தரை, ஆறுக்கெல்லாம் கிளம்பிவிடும். முதல் நாளே கவுண்டரில் இருக்கை எண்ணோடு சீட்டு எடுக்க வேண்டும். டிரைவர் பக்கத்து இருக்கை அல்லது நடு வரிசை ஜன்னல், இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். கடைசி வரிசையில் முழங்கால் தாடையில் இடிக்கும், வளைவுக்கு வளைவு வயிறு புரட்டும். ஒரே நாளில் தவாங் வரை கொண்டுபோய் விடுவதால் உயரத்துக்கு உடம்பு பழக நேரமே கிடைக்காது. சுமோவில் போகிறவர்கள் பொம்டிலாவிலோ திராங்கிலோ இறங்கி ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவதே நல்லது.

நான்கு பேர் என்றால் தனி வண்டி கட்டுப்படியாகும். ஒரு நாளைக்கு 4,500 முதல் 6,000 வரை கேட்பார்கள். பேசும்போது இவற்றை வாட்ஸப்பில் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: டீசல் சேர்த்தா, டிரைவர் பேட்டாவும் தங்கும் செலவும் யார் தலையில், வழியில் நிறுத்திப் பார்க்கிற இடங்கள் எவை, டிரைவருக்கு ஐ.எல்.பி. இருக்கிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாது. அசாம்காரராக இருந்தால் அவருக்கும் பெர்மிட் வேண்டும்.

பும் லாவுக்கு வெளியூர் டாக்ஸியை விடமாட்டார்கள், தவாங் வண்டிதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் அசாம் வண்டி சும்மா நிற்கும். சும்மா நிற்கிற நாளுக்கு முழு வாடகையா, பாதியா என்பதை கவுகாத்தியிலேயே பேசுங்கள். தவாங் போன பிறகு பேசினால் பேரம் படியாது.

இன்னொன்று, சேலா. 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறந்த பிறகு வண்டிகள் 13,700 அடிக் கணவாய்க்கு ஏறாமலேயே கீழே புகுந்து போய்விடுகின்றன. நேரம் மிச்சம், பனிக்காலத்தில் உயிருக்கும் நல்லது. ஆனால் படங்களில் பார்க்கிற அந்த ஏரியும் வண்ண நுழைவாயிலும் மேலே கணவாயில்தான் இருக்கின்றன. "சேலா டாப் வழியாகப் போக வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் சுரங்கத்தின் மஞ்சள் விளக்கைத்தான் பார்ப்பீர்கள்.

6. திராங்கில் ஒரு ராத்திரி

திராங் 5,000 அடியை ஒட்டிய பள்ளத்தாக்கு. ஆறு, கிவி தோட்டம், அதிகம் நடுக்காத குளிர். அங்கே தூங்கிவிட்டு மறுநாள் சேலாவைத் தாண்டினால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமல் புரளுவது எல்லாம் உயரத்தால் வருவது. தண்ணீர் நிறையக் குடிப்பது, மதுவைத் தொடாமல் இருப்பது, தவாங்கில் முதல் நாள் படியேறாமல் சும்மா இருப்பது, இவையே பெரும்பாலும் போதும். இதற்கென்று சொல்லப்படுகிற டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று விழுங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தடுமாறினாலோ காத்திருக்காமல் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வளைவு வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

நேரக் கணக்கும் நம் ஊர் மாதிரி இல்லை. நவம்பர், டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு கும்மிருட்டு. விடியலும் அதே மாதிரி சீக்கிரம். "குளித்து டிபன் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்றால் பாதி வெளிச்சம் வீணாகும். ஐந்தரைக்குக் கிளம்புங்கள். தவாங்கில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் சீக்கிரம் சாத்திவிடுவார்கள், இரவுச் சாப்பாட்டை சாயங்காலமே சொல்லி வைத்துவிடுங்கள்.

7. பும் லா அனுமதி

தவாங் சேர்ந்த அன்றைக்கே தங்குமிடத்துக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவரே உள்ளூர் வண்டிக்காரர் ஒருவரைக் கூப்பிடுவார். ஐ.எல்.பி. நகலும் அடையாள அட்டை நகலும் ஆளுக்கு ஒன்றாக அவர் கையில் போகும். துணை ஆணையர் (நம் ஊர் கலெக்டர் மாதிரி) அலுவலகம், அப்புறம் ராணுவம் என்று இரண்டு இடத்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு வருவார். நீங்களே போயும் வாங்கலாம், ஆனால் ஒரு பகல் அதிலேயே போய்விடும். வண்டிக்கு 5,000 முதல் 6,000 ரூபாய் வரை ஆகும். அனுமதிக்கான கூலி அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். நான்கு பேருக்குக் குறைவாக இருந்தால், அதே விடுதியில் யாராவது போகிறார்களா என்று விசாரித்துச் சேர்ந்துகொள்ளலாம்.

அனுமதி கையில் இருந்தாலும் அன்று காலை பனி அதிகமாக இருந்தாலோ ராணுவம் மறுத்தாலோ மேலே விடமாட்டார்கள். வாதாடிப் பயனில்லை. ராணுவ முகாம், பாலம், வண்டி வரிசை எதையும் படம் எடுக்காதீர்கள், டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மேலே நிற்கிற நேரம் குறைவுதான், வேகமாக நடக்கக்கூடத் தோன்றாது. இறங்கும் வழியில் சங்கேத்சார் ஏரி. மாதுரி ஏரி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தண்ணீருக்குள் நட்டுவைத்த மாதிரி பட்ட மரங்கள் நிற்கும்.

எங்கள் வண்டி மேலே நின்றபோது, கம்பளித் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்த ஒரு ஜவான் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, எந்த ஊரு?" என்றார். அவர் திருவண்ணாமலைப் பக்கம். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தோம், அதில் பாதியைப் பக்கத்திலிருந்த பஞ்சாபிக்காரரிடம் நீட்டினார். பையில் கூடுதலாக இரண்டு பொட்டலம் போட்டுக்கொண்டு போங்கள்.

8. பணம், போன், சாப்பாடு, துணி

தவாங்கில் ஏ.டி.எம். இருக்கிறது, அதில் பணம் இருக்குமென்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஜிபே நெட்வொர்க் இருந்தால்தான். ஆளுக்குப் பத்தாயிரமாவது ரொக்கமாக, அதில் பாதி நூறும் இருநூறுமாக, கவுகாத்தியிலேயே எடுத்துவிடுங்கள். இரண்டு வேறு நிறுவன சிம் வைத்துக்கொண்டால் ஏதாவது ஒன்று பிடிக்கும். பவர் பேங்கை ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் தானாக இறங்கும்.

பேச்சு மொழி இந்தி. அருணாசலத்தில் ஒரு பழங்குடியினரும் இன்னொரு பழங்குடியினரும் பேசிக்கொள்வதே பெரும்பாலும் இந்தியில்தான். தங்குமிடங்களில் ஆங்கிலம் ஓடும். டிரைவர் ஆங்கிலம் பேசுகிறவரா என்பதை முன்பே கேட்டுக்கொண்டால் நிம்மதி.

சோற்றுக்குக் கவலை இல்லை, சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் மோமோவும் சுடச்சுட கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "வெஜ்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாமல் சூப்பில் இறைச்சிச் சாறு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். சுர்பி என்கிற பாலாடைக் கட்டி போட்ட குழம்பின் வாடை முதலில் தூக்கிப்போடும், இரண்டாவது கரண்டியில் பழகிவிடும். வெண்ணெய்த் தேநீரை டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்துக் குடியுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணிக்காகச் சென்னையில் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். உள்ளே போடுகிற தெர்மல் இரண்டு செட் மட்டும் இங்கே வாங்குங்கள். கையுறை, தொப்பி, கம்பளிச் சட்டை எல்லாம் கவுகாத்தி ஃபேன்சி பஜாரில் மலிவு. காற்று புகாத மேல்சட்டை ஒன்று கட்டாயம். செருப்போடு சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அறையில் ஹீட்டர் கேட்டால் பல இடங்களில் தனிக் காசு, அதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

9. மொத்தம் எவ்வளவு ஆகும்?

நான்கு பேர் சேர்ந்து மேலே சொன்ன கணக்கில் போனால் ஆளுக்கு: விமானம் 15,000, கவுகாத்தியிலிருந்து ஆறு நாள் வண்டியில் பங்கு 8,000 முதல் 9,000, பும் லா 1,500, இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால் எட்டு ராத்திரிக்கு 8,000, சாப்பாடு 5,000 முதல் 6,000. ஆக 40,000 ரூபாயை ஒட்டி. வண்டிக்குப் பதில் ஷேர் சுமோ என்றால் ஐயாயிரமாவது குறையும், ஆனால் திராங்கிலும் சேலாவிலும் நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்க முடியாது. இதே பயணத்துக்கு 65,000 கேட்ட ஒரு பேக்கேஜ்காரரிடம் என்னென்ன சேர்த்தி என்று கேட்டேன். விமானம் அதில் இல்லை.

கையிருப்பு சனிக்கிழமை செலவாகாமல் மிஞ்சினால் கவுகாத்தியிலேயே கழித்துவிடலாம். காமாக்யா கோயிலுக்கு விடியும் முன்பே போய் வரிசையில் நின்றுவிடுங்கள், தாமதித்தால் தரிசனம் மதியம் தாண்டிப் போய்விடும். பிறகு பிரம்மபுத்திரா கரையிலிருந்து உமாநந்தா தீவுக்குப் படகு இருக்கிறது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அங்கேயும் சீக்கிரம் இருட்டிவிடும்.